ஒருவர் வேண்டாம் என்றால் போதும்

தம்பி,

கட்லட் விஷயத்தை முதலில் நானே எழுதிவிடுகிறேன். நீ அதைச் சொல்லிச் சொல்லி அங்கே பாதி மலைக்குத் தெரிந்துவிட்டதாம். மீதிப் பாதிக்காவது என் வாயால் தெரியட்டும். போன குளிர்காலம் உன்னைப் பார்க்க வந்திருந்தபோது, மலையடிவாரத்துக் கார் தரிப்பிடத்தில், ஆளுக்கொரு சின்னப் பெட்டியை நெஞ்சோடு வாரால் கட்டச் சொன்னாய். பீக்கன் என்றாய். பனி சரிந்து ஒருவரை மூடிவிட்டால் அவருடைய பெட்டி உள்ளேயிருந்து விடாமல் சமிக்ஞை அனுப்பும், மற்றவர்களின் பெட்டி அதைப் பிடித்துக்கொண்டு தேடி வரும் என்று விளக்கினாய். புறப்படுமுன் ஒவ்வொருவராக உன் சிநேகிதி நிவேதாவுக்கு முன்னால் நடந்து போகவேண்டும், பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அவள் பார்ப்பாள். நீ நடந்தாய், சரி என்றாள். நான் நடந்தேன். அவளுடைய பெட்டியின் திரையில் இலக்கங்கள் என் பிரஷர் மாதிரி ஏறி இறங்கின.

“அங்கிள், பாக்கெட்ல ஃபோன் இருக்குங்களா?” என்றாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, அதட்டினாலும் மரியாதையாகத்தான் அதட்டும். போனை எடுத்துக் கொடுத்தேன். சரிவரவில்லை. திறப்புக் கோர்வையைக் கொடுத்தேன். அதற்கும் சரிவரவில்லை. “வேற ஏதாச்சும் மெட்டல்?” என்று கேட்டபோதுதான் எனக்கு வெளித்தது. பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஸ்கீ பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வழிக்காகக் காத்து நிற்க, நான் ஜக்கற்றின் சிப்பை வயிறுவரை இறக்கி, உள்பொக்கற்றிலிருந்து அலுமினியம் பேப்பரில் சுற்றிய மீன் கட்லட் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். குளிரில் கல்லாகிவிடக்கூடாது என்று அம்மாதான் நெஞ்சோடு வைத்துக்கொள்ளச் சொன்னவர். நீ நெற்றியில் கையை வைத்துக்கொண்டாய். “அப்பா, நீங்கள் உள்ளுக்க புதைஞ்சு கிடந்தா நாங்கள் கட்லட்டைத்தான் தோண்டி எடுப்பம்” என்றாய். “எடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்” என்று நிவேதா ஒன்றைக் கடித்தாள். பின்னால் நின்ற வெள்ளைக்காரருக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் என்ன மீன் என்று கேட்டார். அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான்.

இதை ரொறன்ரோவில், ரூஜில் நம் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து எழுதுகிறேன். வெளியே காலையிலிருந்து பனி கொட்டுகிறது. டிரைவ்வேயை ஒருதடவை வழித்துவிட்டு வந்து இருக்கிறேன், அதற்குள் வழித்ததே தெரியவில்லை. முந்தியென்றால் ஆத்திரம் வரும். இப்போது ஆத்திரப்படவும் ஒரு உடம்பு வேண்டியிருக்கிறது. நீ மலைக்குள் இருக்கிறாய். சனிக்கிழமை பின்னேரம்தான் வெளியே வருவாய். உன் பையில் இருக்கும் சட்டலைட் கருவி உதவி கேட்பதற்கு மட்டும் என்றபடியால், அது சத்தம் போடாமல் இருப்பதே நல்ல செய்தி என்று சொல்லிவிட்டுப் போனாய். நல்ல செய்தி இப்படி நாள்முழுக்க வந்துகொண்டே இருப்பது பெரிய களைப்பு, தம்பி. நீ இதை வாசிக்கும்போது இறங்கி வந்து குளித்துச் சாப்பிட்டிருப்பாய். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். நேரில் என்றால் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்திருப்பேன்.

போன வருடம் நான் சும்மா சுற்றிப் பார்க்க வந்ததாகத்தானே நினைத்தாய்? அம்மா என்னை அனுப்பி வைத்தவர். நீ டவுன்ரவுனில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, மலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற வழிகாட்டியாகப் படிக்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. “உயிரைக் காப்பாத்த எண்டு இஞ்ச கொண்டந்தனாங்கள். இவன் அதைக் கொண்டுபோய் மலை உச்சியில வைக்கிறான்” என்று சொல்லிச் சொல்லிக் கறி தாளிப்பார். “நான் சொன்னால் சண்டை பிடிப்பான். நீங்கள் போய் எல்லாத்தையும் பாருங்கோ, பாத்திட்டு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் வாழ்க்கையில ஒண்டுக்கும் வேண்டாம் எண்டு சொன்னதில்லை. அதாலை கேப்பான்.” இது பாராட்டா ஏச்சா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் விமானத்தில் முழுநேரமும் அந்த ஒரு வசனத்தைத்தான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். பிறம்ரன் வெயர்ஹவுசில் எத்தனையோ வருடம் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டியவன், குளிர்காலத்தில் மோல் தரிப்பிடங்களில் பனி வழிக்கும் ட்ரக்கும் ஓட்டியவன். பனியைப் பற்றி எனக்குத் தெரியாததையா இவன் சொல்லப்போகிறான் என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது. எனக்குத் தெரிந்த பனி ஒன்றுதான். அது கிடக்கும், நான் தள்ளுவேன். அது திரும்பி என்னைத் தள்ளும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

புறப்படும் நாள் காலையில் நீயும் நிவேதாவும் கோப்பியை ஆறவிட்டுவிட்டு அந்தப் பகுதிக்கான பனிச்சரிவு அறிக்கையை வாசித்ததை நான் ரொட்டியைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குக்கூட நீ அப்படி வாசித்து நான் பார்த்ததில்லை. உயரத்துக்கு ஏற்றபடி நிறம் போட்டிருந்தது. கீழே மஞ்சள், மேலே செம்மஞ்சள். முந்தின நாள் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, அது எந்தச் சரிவில் பனியைக் கொண்டுபோய்க் குவித்திருக்கும், எந்தச் சரிவு எத்தனை பாகை செங்குத்து என்றெல்லாம் இரண்டு பேரும் வரைபடத்தில் விரலால் உழுதீர்கள். நான் ஓ.எல். பரீட்சையில் கணிதத்தை இரண்டுதரம் எடுத்தவன், இரண்டுதரமும் அது என்னை எடுக்கவில்லை. கோணம் என்ற சொல்லைக் கேட்டதும் எழும்பிக் கோப்பை கழுவப் போய்விட்டேன். அங்கே நின்றபடி கேட்டதுதான் உங்கள் சட்டம். நீ சொன்னாய்: “அப்பா, ஒரு ரூல் இருக்கு. குறூப்பில ஆராவது ஒராள் நோ எண்டா எல்லாரும் திரும்புறது. ஏன் எண்டு கேக்கக்கூடாது. விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் ஒராள்தான்.” நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றால் அதற்குப் பிறகுதான் எல்லோரும் பேசவே தொடங்குவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் ஸ்கீக்கு அடியில் வழுக்காத பட்டியை ஒட்டிக்கொண்டு ஏறினீர்கள். எனக்கு ஸ்கீ தெரியாதென்று, காலில் தட்டுப் போலக் கட்டுகிற பனிச்சப்பாத்தைத் தந்தாய். அதோடு நடப்பது இரண்டு சுளகைக் காலில் கட்டிக்கொண்டு படி ஏறுவது மாதிரி. முதல் அரை மணித்தியாலத்திலேயே என் முழங்கால் தன்னுடைய பழைய கதையைத் தொடங்கிவிட்டது. நீ ஒவ்வொரு வளைவிலும் திரும்பி, “ஓகேயா அப்பா?” என்றாய். “ஓம் ஓம், நட” என்றேன். நிவேதா கேட்டாள், அவளுக்கும் அதே பதில். மூச்சு வாங்குகிறது தெரியக்கூடாது என்று நின்று நின்று மரங்களைப் பார்த்தேன். “அங்கிளுக்கு மரம்னா ரொம்பப் பிடிக்கும் போல” என்று அவள் உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நீயோ மேலே ஏறினால் தெரியப்போகிற காட்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். அங்கே நின்றால் அந்தப் பக்கத்து மலைத்தொடர் முழுக்கத் தெரியும், உங்களுக்கு அதைக் காட்டவேணும் அப்பா, என்று. அப்படி ஆசையாக நீ எதையும் எனக்குக் காட்ட நின்றது மிகவும் சின்ன வயதில்தான். அந்த முகத்துக்கு முன்னால் முழங்காலைப் பற்றி எப்படிப் பேசுவது?

மரங்கள் முடிந்து வெளியான இடம் வந்ததும் நீ பையைக் கழற்றி, பனி வெட்டும் சவலை எடுத்துப் பூட்டி, நெஞ்சளவு குழி வெட்டினாய். ஏறவேண்டிய சரிவும் இந்தச் சரிவும் ஒரே திசையைப் பார்க்கின்றன, ஆனால் இது சின்னது, ஆபத்தில்லை, ஆகவே அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று இதில் பார்க்கலாம் என்றாய். குழியின் ஒரு சுவரை நேராகச் சீவிவிட்டு மேலிருந்து கீழாகக் கையால் குத்திப் பார்த்தாய். மேலே கைமுட்டி புகுந்தது. கொஞ்சம் கீழே ஒரு விரல்தான் புகுந்தது. இன்னும் கீழே பென்சில்தான் போனது. நல்லாய் இறுகியிருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். நீ சந்தோஷப்படவில்லை. அதற்கும் கீழே, நிலத்துக்குக் கிட்ட, மறுபடியும் கைமுட்டி புகுந்தது. “இஞ்ச தொட்டுப் பாருங்கோ அப்பா” என்றாய். கையுறையைக் கழற்றிவிட்டு அள்ளினேன். சீனி. ஒட்டாது, உருளாது, விரலிடுக்கால் ஓடியது. புட்டுக்குக் குழைக்கும்போது தண்ணீர் போதாத மா இப்படித்தான் நிற்கும். குளிர்கால ஆரம்பத்தில் விழுந்த மெல்லிய பனி, கடுங்குளிரில் நாள்கணக்கில் கிடந்து இப்படிச் சீனியாகிவிட்டதாம். பிறகு வந்த புயல்கள் எல்லாம் அதன்மேல் விழுந்து பலகை போல இறுகிவிட்டன. சீனியின் மேல் பலகை, பலகையின் மேல் நாங்கள்.

பிறகு ஒரு தூண் மாதிரி பனியை வெட்டிப் பிரித்து, அதன் தலையில் சவலின் தட்டை வைத்துக் கையால் தட்டினாய். முதலில் மணிக்கட்டால், மெதுவாக. ஒன்றுமில்லை. அடுத்தது முழங்கையிலிருந்து. தட்டத் தொடங்கிக் கொஞ்சத்தில், யாரோ மேசை லாச்சியை இழுத்தது போல, தூணின் மேல்பகுதி முழுதாக வழுக்கி உன் மடியில் வந்து விழுந்தது. வழுக்கிய இடம் கண்ணாடி மாதிரி இருந்தது. நீ ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னாய், உடனே என்னைப் பார்த்து “சொறி அப்பா” என்றாய். அந்தச் சொல்லை நான் வெயர்ஹவுசில் தினமும் கேட்டவன்தான், அது பரவாயில்லை. அதற்குப் பிறகு நீ பேசியதுதான் எனக்குப் பரவாயில்லாமல் போனது.

“இது ஒரு ஸ்பொட் தானே” என்றாய். “மற்றப் பக்கத்தால ஏறினா இவ்வளவு செங்குத்து இல்ல. கிட்டத்தில வந்திட்டம்.”

நிவேதா குழிக்குள்ளேயே குந்தியிருந்தாள். “காலைல என்ன பேசினோம்? இந்த லேயர் இருந்தா திரும்பறதுன்னு தானே?”

“ஐ நோ. ஆனா அப்பா ரொறன்ரோவில இருந்து வந்திருக்கிறார். இனி எப்ப வரப்போறார்?”

“அப்பா எங்கிருந்து வந்தார்னு இந்தப் பனிக்குத் தெரியுமாடா?” என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். “அங்கிள், நீங்க சொல்லுங்க.”

“எனக்கென்ன பிள்ளை, நான் ஓகே. தம்பி சொன்னால் போவம்.”

“அவன் உங்களுக்காகப் போறான். நீங்க அவனுக்காகப் போறீங்க. அப்போ அங்க போகணும்னு யாருங்க அங்கிள் நினைக்கிறது?”

அந்தக் கேள்வி கேட்டதும் எனக்கு நாங்கள் ஒஷாவாவுக்குப் போன நாள்தான் ஞாபகம் வந்தது. உனக்கும் ஞாபகம் இருக்கும், பின்சீற்றில் பிளாஸ்ரிக் பையைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தவன் நீதானே. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணையின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. காலையிலிருந்து மழை விழுந்த இடத்திலேயே உறைந்துகொண்டிருந்தது. ரேடியோவில் வீட்டை விட்டு வெளிக்கிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதைக் கேட்டுக்கொண்டே நான் கழுத்தில் ரை கட்டினேன். அம்மா சேலை உடுத்தார். நெடுஞ்சாலையில் கார் ஒரு சுற்றுச் சுற்றி, ஏதோ தன்பாட்டில் யோசித்து முடிவெடுத்தது போல, பக்கத்துப் பள்ளத்தில் போய் இருந்தது. இழுக்கும் வண்டி வரும்வரை பட்டுச்சேலையின் மேல் என் ஜக்கற், அதன்மேல் உன் ஜக்கற் என்று அம்மா குளிரில் நடுங்கினார். அப்போதுதான் கேட்டார்: “உந்த மழைக்க ஏனப்பா வெளிக்கிட்டனீங்கள்?” நான் சொன்னேன், “உம்மட சொந்தம், போகாட்டி நீர் கவலைப்படுவீர் எண்டு.” அவர் சொன்னார், “நீங்கள் ரை எல்லாம் கட்டினீங்கள், போகத்தான் ஆசை எண்டு நினைச்சன்.” அதைவிட மோசம், ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது அண்ணை வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு, “நாங்கள் தள்ளி வைப்பம் எண்டுதான் இருந்தனாங்கள், நீங்கள் எல்லாரும் வெளிக்கிட்டிருப்பியள் எண்டு விட்டிட்டம்” என்றார். மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் வர விருப்பமில்லை. மண்டபம் நிறைந்திருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதுதான் வருத்தம், தம்பி. அடுத்தவன் மனம் நோகக்கூடாது என்று அவன் மனத்துக்குள் என்ன இருக்கிறதென்று கேட்கமாட்டோம், நாங்களே ஊகித்துக்கொண்டு அதன்படி நடப்போம். சாப்பாட்டு மேசையில் என்றால் வயிறு பெருக்கும், அவ்வளவுதான். நீ நின்ற இடம் சாப்பாட்டு மேசை இல்லை.

“எனக்கு ஏலாது” என்றேன். என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். “கால் ரெண்டும் செத்துப்போச்சு. கீழ இருந்து உங்கள் ரெண்டு பேருக்கும் பொய் சொல்லிக்கொண்டுதான் வாறன். நோ. திரும்புவம்.”

“ஏனப்பா முதலே சொல்லேல்ல?”

“நீ ஆசைப்பட்டாய்.”

“நான் உங்களுக்காகத்தான்...” என்று தொடங்கிவிட்டு நீ நிறுத்தினாய். நிவேதா பனியைத் தட்டிக்கொண்டு எழும்பி, “நல்ல குடும்பம்ங்க” என்றாள். நீ ஏன் என்று கேட்கவில்லை, வாதாடவில்லை. குழியை மூடிவிட்டுச் சவலைக் கழற்றினாய். ஆனால் உன் தோள் இரண்டும் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். வேண்டாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று நீயும் காத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாய்.

திரும்பும் வழியில், தட்டையான ஒரு வெளியைக் கடக்கும்போது, அந்தச் சத்தம் வந்தது. அரிசி மூட்டையை உயரத்திலிருந்து நிலத்தில் போட்டால் வருமே, அப்படி. எங்கள் காலடியில்தான். சுற்றிவர இருந்த பனி முழுதும் ஒரே நேரத்தில் ஒரு விரலளவு கீழே இறங்கியது, என் சப்பாத்துக்கு முன்னால் ஒரு கீறல் மரங்கள்வரை ஓடிப்போனது. கீழே இருந்த சீனி நொறுங்கிய சத்தம் என்று பிறகு சொன்னாய். இது தட்டை நிலம், சரிய இடமில்லை. மேலே என்றால்? நீ அந்த வசனத்தை முடிக்கவில்லை. நான் முடித்துப் பார்த்தேன், உள்ளுக்குள். கொஞ்சத் தூரம் போனபின் வீரம் திரும்பி வந்து, “அப்ப நாங்கள் திரும்பினது சரிதானே பிள்ளை?” என்று நிவேதாவிடம் கேட்டேன். அவள் நின்று திரும்பிச் சொன்னதை நான் மறக்கவில்லை. “சத்தம் வராம இருந்திருந்தாலும் சரிதான் அங்கிள். இது வந்ததாலதான் சரின்னு நினைச்சீங்கன்னா, அடுத்த தடவை வராதப்போ திரும்பினது தப்புன்னு தோணும்.” இந்தப் பிள்ளை யார், உனக்கு என்ன முறை என்று அம்மா இன்னும் என்னிடம் விசாரிக்கிறார். எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஆனால் ஆர் உவள் என்று அம்மா கேட்கும்போதெல்லாம், நல்ல பிள்ளை என்றுதான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே கேட்டார்: “சொன்னீங்களோ?” நான் சொன்னேன், வேண்டாம் என்று சொன்னேன், அவனும் கேட்டான், உடனே திரும்பினான் என்று. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அம்மா இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார். மூன்றாம் நாள் நீ அடுத்த பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டதாகப் போனில் சொன்னபோது, அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு ஒரு கிழமை எனக்குச் சோறு ஆறித்தான் வந்தது.

இனி நீ வழிகாட்டியாகப் போகிறாய். உனக்குப் பனியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் இருக்கிறது. என்னைப் போல ஒருவர் எங்கிருந்தோ லீவு எடுத்துக்கொண்டு, மகளுக்கோ மருமகனுக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு, உன் பின்னால் வருவார். ஓகேயா என்று கேட்பாய், ஓகே என்பார். அதை நம்பாதே. அவர் மரங்களை அளவுக்கு மிஞ்சி ரசிக்கிறாரா என்று பார். தமிழர் என்றால் இன்னும் கவனம், எங்கள் ஓகே எந்தக் குழியிலும் வெட்டிப் பார்க்க முடியாத சாமான். உன்னை நீயும் நம்பாதே, யாருக்காவது எதையாவது காட்ட ஆசைப்படும் நாட்களில். நீ மனத்தால் கெட்டவன் என்றால் எனக்கு இவ்வளவு பயமில்லை. நீ அடுத்தவர் முகம் வாடப் பொறுக்காதவன், அதுதான் பயம். அது என்னிடமிருந்து வந்தது. தரவேண்டிய எத்தனையோ இருக்க இதைத் தந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். இன்னொன்று. நீ எடுத்த முடிவு சரி என்று அம்மாவுக்குக் காட்டுவதற்காக எந்த மலையிலும் ஏறாதே. ஏறினாலும் அவர் காட்சியைப் பார்க்கமாட்டார், நீ தொப்பி போட்டிருக்கிறாயா என்றுதான் பார்ப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது, வழக்கம்போல இரண்டு சொல் பேசிவிட்டு அம்மாவிடம் கொடுக்கத்தான் இருந்தேன். நீ விடவில்லை. இந்தத் தடவை உங்கள் பயண விபரத்தை வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கும் ஆள் அப்பாதான் என்றாய். எந்தப் பள்ளத்தாக்கு, எந்தக் கணவாய், எந்தக் குடிசையில் எந்த இரவு, சனிக்கிழமை பின்னேரம் உன் குரல் வராவிட்டால் நான் எந்த இலக்கத்துக்கு எடுக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். ஆள் வெளிக்கிடும் நேரத்தில் எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது, போகிற காரியம் சரிவராது என்பது உன் அம்மாவின் கட்டளை. கதவடியில் நின்று அதைக் கேட்டதற்காக என் வாயைப் பொத்தியிருக்கிறார். இப்போதும் அடுப்படியிலிருந்து, “வெளிக்கிடேக்க எங்க எண்டு கேக்காதேங்கோ!” என்று குரல் வந்தது. நான் கேட்டேன். எங்கே, எந்தப் பக்கம், எந்த மரக்கூட்டத்தின் வழியாக என்று, நீயே களைத்துப்போகும்வரை கேட்டேன். அறிக்கையில் எல்லா உயரத்திலும் நல்ல நிறம், காற்றில்லை, சீனி இல்லை, போகிற நான்கு பேரும் படித்தவர்கள் என்றாய். பிறகு கேட்டாய்: “அப்பா, நீங்களும் எங்கட குறூப்பில ஒராள்தான். எனி நோ? வேண்டாம் எண்டு ஏதும் இருக்கோ?”

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். ஒரு வருடமாக அவர் காத்திருந்த இடம் அது, அவர் சொல்லி அனுப்பிய சொல்லை நீயே கையில் எடுத்துத் தந்துவிட்டாய். நான் சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய், எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டிருக்கமாட்டாய், அதுதான் உங்கள் சட்டம். கட்டிய பையை அவிழ்த்திருப்பாய், மற்ற மூன்று பேருக்கும் சொல்லியிருப்பாய், என்னோடு கோபிக்கவும் மாட்டாய். அடுத்த தடவையும் என்னைக் கேட்டிருப்பாய். அதற்கடுத்த தடவை கேட்டிருக்கமாட்டாய். போனைக் காதில் வைத்துக்கொண்டு என் வாய்க்குள் நின்ற சொல்லைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தேன். அதற்குள் காற்றில்லை, சரிவில்லை, நீ செய்த பிழை ஒன்றுமில்லை. மேலிருந்து கீழ்வரை நான்தான் இருந்தேன், இரண்டு காலும் களைத்த ஒரு மனிதன்.

“இல்லைத் தம்பி” என்றேன். “சனிக்கிழமை எடு.”

நீ சிரித்துவிட்டு வைத்தாய். அம்மா திரும்பி அடுப்படிக்குப் போனார். வைத்த போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கனநேரம் அந்த இடத்திலேயே இருந்தேன், நீ இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது போல. சொல்லாமல் விட்டது இதுதான்:

போகாதை, ராசா.